நெல்லுக்கு மட்டும் தராசு

“ரேஷனில் அரிசியை இனாமாகவே கொடுக்கிறார்கள். இனிமேல் கிராமத்தில் சாப்பாட்டுக் கவலை என்ற பேச்சே எதற்கு, ஸார்?” என்று ஸ்ரீரங்கத்து நண்பர்கள் கேட்கிறார்கள். 2011-ல் வந்த அந்த இலவச அரிசியைப் பழித்துப் பேச எனக்கு மனம் வராது. வயிறு நிறைந்தவர்கள்தாம் அப்படிப் பேசுவார்கள். ஆனால் அரிசி வந்ததனாலேயே கவலை தீர்ந்துவிட்டது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திருச்சி ஜில்லா காகிதத்தில் ஒன்று; கழனியில் இரண்டு. முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கம், லால்குடி வயல்களை நனைத்துக்கொண்டு கிழக்கே போய்விடுகின்றன. மணப்பாறையும் மருங்காபுரியும் வானம் பார்த்த பூமி. துறையூருக்கு மேலே, பச்சைமலைக்காரர்களின் பரம்பரைச் சோறு சாமையும் வரகும்.

சர்க்காரின் தராசு எந்தப் பக்கம்? இந்திய உணவுக் கழகம் 1965-ல் தன் முதல் ஜில்லா ஆபீஸைத் தஞ்சாவூரில் திறந்தது. நெல் விளையும் இடத்தில்தானே நெல் வாங்கவேண்டும்? வாஸ்தவம். லால்குடி விவசாயிக்கும் இன்று கொள்முதல் நிலையம் இருக்கிறது. ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டது என்று மூட்டையைத் திருப்புவார்கள். மழையில் நெல் முளைவிடும். அவரும் திட்டித் தீர்ப்பார். என்றாலும், நின்று திட்டுவதற்கு அவருக்கு ஒரு வாசல் இருக்கிறதே! 2024-25-ல் சாதா நெல்லுக்குக் குவிண்டால் 2,300 ரூபாய் என்று மத்திய சர்க்கார் விலை கட்டியது. கேழ்வரகுக்கு 4,290. சாமைக்கும் வரகுக்கும்? அந்த ஜாபிதாவில் அவற்றின் பெயரே கிடையாது.

விலை இல்லாததை எவன் விதைப்பான்? மக்காச்சோளம் போட்டுக் கோழித் தீவனத்துக்கு விற்றுவிட்டு, ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசிக்குப் பையோடு நிற்கிறான். இதற்கிடையில் டவுன் டாக்டர்கள் நீரிழிவுக்காரரைச் சாமை சாப்பிடச் சொல்கிறார்கள். கடையில் அது பளபளக்கும் பொட்டலத்தில், அரிசியைவிட அதிக விலைக்குக் கிடைக்கிறது. விளைவித்தவனுக்கு அரிசி, வியாதிக்காரனுக்குச் சாமை!

2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. அந்த வருஷம் தமிழ்நாட்டு ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள், நீலகிரியிலும் தருமபுரியிலும். நல்ல காரியம். பச்சைமலை என்ன, மலையில்லையா?

கேட்பது அதிகமில்லை. சாமைக்கும் வரகுக்கும் ஒரு விலை; துறையூரிலும் மணப்பாறையிலும் நிறுத்து வாங்க ஒரு தராசு; வாங்கியதை அந்தந்த ஊர் ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடச் சத்துணவிலும் போடவேண்டும். அரிசி மூட்டையை லாரியில் மலைமேல் ஏற்றப் பணம் இருக்கிறது. சாமை மூட்டையைக் கீழே இறக்க மட்டும் இல்லையா?