காஞ்சி இசையும் வீட்டு ஒலிமாற்றியும்

இல்லத்திலிருந்தே நல்லிசை கேட்டல் வேண்டும் என்னும் விருப்பம் நம் மாணவரிடையே நாளும் பெருகி வருகின்றது. அதனோடு, எக்கருவியை வாங்குவது என்னும் ஆராய்ச்சியும் விடுதி அறைதோறும் ஓய்வின்றி நிகழ்கின்றது. அக்கருவிகளுள் இக்காலத்து மிகுதியாகப் பேசப்படுவது, எண்களாகச் சேமித்து வைத்த இசையை மின்னலையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு ஈயும் மாற்றியேயாம். கடைக்காரர் இதனை ‘டாக்’ என வழங்குவர். இது சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கும். சில இலட்சம் ரூபாய்க்கும் கிடைக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேற்றுமை செவிக்கு எட்டுவதா, அன்றிப் பணப்பைக்கு மட்டும் எட்டுவதா என்பதே ஈண்டு யான் எடுத்துக்கொண்ட பொருள். தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். இசையும் முத்தமிழுள் ஒன்றாகலின் அதற்கு விடை வேண்டுவதில்லை.

யான் பிறந்த ஊர் காஞ்சிபுரம். அவ்வூரினர்க்கு இக்கருவியின் இயல்பை விளக்குதல் எளிது. பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் மேல் ஜக்கார்டுப் பெட்டியையும், அதனின்று தொங்கும் துளையிட்ட அட்டைகளையும் காணாதார் அங்கு இலர். பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு என்பார் 1804ஆம் ஆண்டில் அமைத்த முறை அது. அட்டையில் துளை இருப்பின் பாவிழை எழும். துளை இன்றேல் எழாது. உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் மயிலும் அன்னமும் சேலையில் உருவாகின்றன. இசையை எண்ணாக்கும் முறையும் இதுவே. ஒரு நொடியில் பல்லாயிரம் முறை ஒலியலையின் உயரத்தை அளந்து, அவ்வளவை உண்டு, இல்லை என்னும் குறிகளாக எழுதி வைப்பர். அவ்வட்டையைப் படித்து மீண்டும் அலையை நெய்து தருவதே மாற்றியின் தொழில்.

ஆயினும் உவமை ஓரிடத்தில் பொருந்தாமற் போகின்றது. அவ்விடத்தையே விற்பனையாளர் தமக்கு ஆக்கமாகக் கொள்கின்றனர். சேலையிலுள்ள மயிலின் கழுத்தை உற்று நோக்கினால் அதன் வளைவு சிறு சிறு படிகளாக அமைந்திருத்தல் தெரியும். இசையும் அவ்வாறே படிக்கட்டாக வெளிப்படும் என்றும், அளவுகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டப் படிகள் மறைந்து வளைவு மென்மையுறும் என்றும் விளம்பரப் படங்கள் காட்டும். அஃது உண்மையன்று. மாற்றியினுள் அமைந்த வடிகட்டி அப்படிகளை அறவே நீக்கி, தொடர்ந்த அலையையே வெளியிடுகின்றது. ஓர் ஒலியின் அதிர்வைப்போல் இரு மடங்கிற்கு மேற்பட்ட முறை அளந்தால் அவ்வொலியை முழுமையாக மீட்கலாம் என்பது கணிதத்தால் நிறுவப்பட்ட முடிபு. மனிதச் செவி கேட்கும் எல்லை நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு. முதுமையில் அது மிகவும் குறையும். 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு நொடிக்கு 44,100 முறை அளக்கின்றது. கேட்கத்தக்கது எதுவும் அதனின்று தப்புவதில்லை.

இனி, ‘பிட்’ என்னும் நுட்ப அளவைக் காண்போம். குறுந்தட்டிற்கு 16 பிட். ‘ஹை-ரெஸ்’ எனப்படும் உயர் நுட்ப இசைக்கு 24 பிட். முன்னதில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக வலிய ஒலிக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 96 டெசிபல். பின்னதில் கணக்களவில் 144. பெரிய எண் சிறந்ததுதானே என்று மயங்குதல் இயல்பு. ஆனால் நள்ளிரவில் அமைதியாயுள்ள அறையிலும் 30 டெசிபல் அளவு இரைச்சல் இருக்கும். அதன் மேல் 96ஐ அடுக்கினால் செவி நோவெடுக்கும் எல்லையையே கடந்து விடுகின்றோம். அடுத்த வீட்டிற் குழித்தறி ஓடும் தெருவில், பகற்போதில் இக்கணக்கு எவ்வளவு சுருங்கும் என்பதை யான் கூற வேண்டுவதில்லை.

இவ்விரு வகை இசையையும் செவியாற் பிரித்தறிய இயலுமா என்று ஆராய்ந்தோரும் உளர். மேயர், மொரான் என்னும் அமெரிக்கர் இருவர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உயர் நுட்ப இசையையும், அதனையே குறுந்தட்டின் அளவிற்குக் குறைத்த இசையையும் இன்னது இன்னது என்று அறிவியாமல் கேட்பித்தனர். 554 தேர்வுகளுள் 276 விடைகளே சரியாயின. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் இவ்வளவு வரும். 2016ஆம் ஆண்டில் ரைஸ் என்பார், முன் நிகழ்ந்த 18 சோதனைகளை ஒருங்கு தொகுத்து ஆராய்ந்து, நூற்றுக்கு 52 அளவில் விடைகள் சரியாயின என்றும், பயிற்சி பெற்ற செவியினர் சிறிது மிகுதியாக அறிந்தனர் என்றும் கண்டார். ஆகவே வேற்றுமை அறவே இல்லை என்று யான் வாதிடவில்லை. அஃது இருப்பினும், இரண்டு இலட்சம் ரூபாய் பெறுமளவு இல்லை என்பதே என் கருத்து.

இத்துணையும் பொதுவாகக் கூறினேன். நம் ஊர் இசையை நினைத்தால் வழக்கு இன்னும் தெளிவாகும். காஞ்சிபுரம் நைனாப் பிள்ளை (1889–1934) லயத்தில் நிகரற்றவர் எனப் போற்றப்பட்டவர். பக்கவாத்தியங்கள் பல சூழ அவர் நிகழ்த்திய கச்சேரிகள் பெரும்புகழ் வாய்ந்தவை. அப்பெரியார் தம் குரலை இசைத்தட்டிற் பதிவிக்க இசையவே இல்லை. எத்துணை விலையுயர்ந்த மாற்றியை வாங்கினும் அவர் குரலில் ஓர் அசைவையேனும் நாம் கேட்க முடியாது. அவர் பாட்டை இளமையிற் கேட்டு வளர்ந்த டி. கே. பட்டம்மாள் (1919–2009) நல்வினையாக நமக்குத் தட்டுக்களைத் தந்து சென்றார். அவற்றுள் தொடக்கக் காலத்தன 78 சுற்றுத் தட்டுக்கள். பக்கம் ஒன்றிற்கு மூன்று நிமிடத்திற்குச் சற்று மிகுதியாகவே அவற்றில் இடம் உண்டு. விரிவான ஆலாபனையை அதற்குள் எங்ஙனம் அடக்குவது? அத்தட்டுக்களில் உயர்ந்த அதிர்வுகள் பெரும்பாலும் பதிவாவதில்லை. ஏறத்தாழ எட்டாயிரத்திற்கு மேல் இருப்பது ஊசி உராயும் இரைச்சலே. அதனை 192,000 முறை அளந்து, 24 பிட்டில் எழுதி, உயர்ந்த மாற்றியின் வழியாகக் கேட்போமாயின், நாம் நுட்பமாகக் கேட்பது அவ்விரைச்சலைத்தான். பட்டம்மாளின் குரல் எளிய கருவியிலும் அவ்வளவே கம்பீரமாக ஒலிக்கும்.

அங்ஙனமாயின் எதனை வாங்குவது? இக்காலத்துக் கைப்பேசிகள் பலவற்றில் இயர்போன் துளை இல்லை. அதற்கு ஈடாக விற்கும் சிறு இணைப்புக் கம்பியினுள்ளேயே ஒரு மாற்றி அமைந்துள்ளது. பெரும்பாலார்க்கு அதுவே போதும். பெரிய ஹெட்போன் வைத்திருப்போர், அதனை உரத்து ஒலிக்கச் செய்யும் ஆற்றல் கருவிக்கு உண்டா என்று பார்த்தல் வேண்டும். நம் வீடுகளில் நில இணைப்புப் பலவிடத்துச் செவ்வையாக இல்லாமையால் ஆம்ப்ளிபையருடன் சேர்த்தவுடன் ‘உம்ம்’ என்னும் முழக்கம் எழும். அதனைக் கடையிலன்றி வீட்டிலேயே சோதித்தறிக. சரிகை வாங்குவோர் அதில் வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு என்று கருவியில் இட்டுப் பார்க்கின்றனர்; பளபளப்பைக் கண்டு விலை பேசுவாரில்லை. மாற்றிக்கும் இரைச்சல் எவ்வளவு, திரிபு எவ்வளவு என்னும் அளவைகள் உண்டு. அவற்றைக் காட்டாது ‘இனிமை’, ‘ஆழம்’, ‘உயிர்ப்பு’ என்று சொல்மாலை சூட்டுவோரிடம் சற்று விலகி நிற்றல் நலம்.

அன்றியும், இரு கருவிகளை ஒப்பிட விரும்புவோர் இரண்டின் ஒலியளவையும் முதற்கண் சமமாக்கல் வேண்டும். மிகச் சிறிது உரத்து ஒலிப்பதையே நம் செவி சிறந்தது என்று கொள்ளும். நகரத்துக் கடையொன்றில் விலை மிகுந்த கருவியை விற்பவர் ஒவ்வொரு முறையும் சிறிது உரக்கவே ஒலிக்கச் செய்ததை யான் கண்டேன். என் நண்பர் கண்களில் நீர் ததும்பி நின்றார். ஒலியளவைச் சமமாக்கி, திரைமறைவிற் கேட்பித்தல் கூடுமா என்று வினவினேன். அதற்கு நேரமில்லை என்று விடை வந்தது.

எஞ்சிய பணத்தை ஸ்பீக்கருக்கு இடுக. அங்கேதான் வேற்றுமை எவர் செவிக்கும் வெளிப்படை. சிமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உடைய நம் கூடங்களில் தடித்த திரையொன்று தொங்கவிடுதல் பல கருவிகளினும் மேலான பயன் தரும். எது நல்லொலி என்று ஐயுறுவோர் வைகாசியில் வரதராசப் பெருமாள் கருடசேவையன்று தெருவில் நின்று நாதசுரத்தையும் தவிலையும் ஒருமுறை கேட்டு வருக. காஞ்சியில் அவ்வுரைகல் விலையின்றிக் கிடைக்கின்றது.

உயர் நுட்பம் வேண்டுவது உண்மையில் வேறோரிடத்தில். இசைக் காப்பகத்தார், பழைய பதிவுகளை எண்ணாக்கும்போது 24 பிட்டிலும், நொடிக்கு 96,000 அளவிலும் எழுதுக என்கின்றனர். கீறலின் ஒலியும் செவ்வையாகப் பதிந்தால்தான் பின்னர் அதனைப் பிரித்து நீக்கவியலும் என்பது காரணங்களுள் ஒன்று. காஞ்சியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் திருமணக் கச்சேரிகளும், உற்சவ நாதசுரமும், பெயர் மறந்துபோன பெரியோர் பாட்டும் ஒலிநாடாக்களிற் பதிந்து, தகரப் பெட்டிகளிற் பூசணம் பூத்துக் கிடக்கின்றன. எம் உறவினர் இல்லத்தில் மட்டும் பதினான்கு நாடாக்கள் உள. அவற்றுள் மூன்று இப்போது சுழலவில்லை. விடுதி மாணவர் இருவர் மாற்றிக்கென்று சேர்த்து வைத்துள்ள தொகையைக் கொண்டு, ஒலியை எண்ணாக்கும் நல்ல கருவி ஒன்றும், பழுது பார்த்த நாடாக்கருவி ஒன்றும், 78 சுற்றுத் தட்டிற்குரிய அகன்ற முள் ஒன்றும் நம் கல்லூரி இசைக் கழகம் வாங்கலாம். கோடை விடுமுறை ஏப்ரலில் தொடங்குகின்றது. காஞ்சிக்கு என்னுடன் வர இருவர் இசைந்துள்ளனர். நாடாக்கருவி பழுது பார்க்கத் தெரிந்த முதியவர் ஒருவர் அங்கு இன்னும் தொழில் செய்கின்றார்.