கை கழுவாதவர் யார்?

மருத்துவமனையில் நோய் தொற்றியது என்றதும் தாதியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். காஜாங் மருத்துவமனைக்கு உற்றாரைக் காணச் செல்லும் நம்மில் எத்தனை பேர் கை கழுவியபின் கட்டிலருகே போகிறோம்?

1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் கண்டது யாது? பிணப் பரிசோதனை செய்த கையோடு வந்த மருத்துவர், மாணவர் பிரிவிலேதான் தாய்மார் மிகுதியாக மாண்டனர். மருத்துவச்சியர் பிரிவில் அன்று! 1999இல் வெளியான ஜெனீவா ஆய்விலும், வேண்டிய தருணங்களில் தாதியர் 52 விழுக்காடு கைத்தூய்மை பேணினர். மருத்துவர் 30 விழுக்காடே. 52 போதாதுதான். ஆனால் வேலைப்பளு ஏற ஏறக் கைத்தூய்மை குறைவதையும் அதே ஆய்வு காட்டிற்று.

மருந்து நீர்மத்தால் ஒருமுறை கை தேய்க்க 20 முதல் 30 வினாடி வேண்டும். மணிக்கு இருபது முறையெனில் பத்து நிமிடம்வரை அதற்கே கழியும். அந்தப் பத்து நிமிடத்தைத் தராமல், சுவரில் அறிவிப்பு ஒட்டிவிட்டுத் தாதியைக் கடிவது எந்த ஊர் நியாயம்?