தூய நீரும் குடிநீரும்

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து சில நாட்களில், தண்ணீர் பில்டர் விற்கும் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உம்மாவிடம் இரண்டு கண்ணாடிக் கிளாஸ் கேட்டார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீரையும் மற்றதில் தான் போத்தலில் கொண்டுவந்த தண்ணீரையும் ஊற்றினார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பிறகு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை எடுத்து, இரண்டு கிளாசிலும் கம்பிகளை இறக்கி மின்னைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தண்ணீர் பழுப்பாகி, மேலே நுரையும் அடியில் சேறுமாகிவிட்டது. அவருடைய தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது.

"இதத்தானா ராத்தா புள்ளைகளுக்குக் குடிக்கக் குடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

உம்மாவின் முகம் மாறிவிட்டது. கிணற்று மோட்டார் மாற்றுவதற்கென்று சீட்டுக் காசு எடுத்து வைத்திருந்தா. அதில் பாதி அன்றைக்கே முற்பணமாகப் போயிற்று. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு 'ஏ' எடுத்த நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அவர் போகும்போது கம்பிகளைத் துணியால் துடைத்தார். துணியும் பழுப்பாகியது. அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சடப்பொருளை வகைப்படுத்தும் படம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். மேலே சடப்பொருள். அதிலிருந்து இரண்டு கிளை: தூய பதார்த்தம், கலவை. தூய பதார்த்தத்தின் கீழே மூலகமும் சேர்வையும். கலவையின் கீழே ஏகவினமும் பல்லினமும். தரம் 11இல் இந்தப் படத்தை அடிமட்டம் வைத்துக் கீறிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுத் தண்ணீர் அந்தப் படத்தில் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பில்டர்காரர் யோசித்திருக்கிறார் போலும்.

நீர் ஒரு சேர்வை. ஐதரசனும் ஒட்சிசனும் நிலையான விகிதத்தில் சேர்ந்தது. அது புத்தகத்து நீர். கொண்டவட்டுவானிலிருந்து குழாயில் வருவதும் நம் கிணறுகளில் ஊறுவதும் கலவைகள். கல்சியம், மகனீசியம், சோடியம் ஆகியவற்றின் உப்புகளும் வளியும் கரைந்திருக்கும் ஏகவினக் கலவைகள். அவை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அயன்கள் இருப்பதால் அந்த நீர் மின்னைக் கடத்தும். உப்புகள் நீக்கப்பட்ட நீர் மிகக் குறைவாகவே கடத்தும். இரண்டு கிளாசுக்கும் இடையிலான வித்தியாசம் இவ்வளவுதான். மின் பாய்ந்த கிளாசில் அனோட்டாக இருந்த இரும்புக் கம்பி கரைந்தது. கரைந்த இரும்பு ஐதரொட்சைட்டாகி, வளியிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து துருவின் நிறத்துக்கு வந்தது. நாங்கள் பார்த்துப் பயந்த அழுக்கு தண்ணீருக்குள் இருந்ததல்ல, அவர் கொண்டுவந்த கம்பியில் இருந்து வந்தது.

இது எனக்கு விளங்கியது உயர்தரத்தில் மின்பகுப்புப் படித்தபோது. ரீச்சரிடம் கேட்டு ஆய்வுகூடத்தில் செய்தும் பார்த்தோம். மூன்று முகவைகள். ஒன்றில் குழாய் நீர், ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மூன்றாவதில் அதே காய்ச்சி வடித்த நீரில் ஒரு சிட்டிகை கறியுப்பு. ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்பு ஆணிகளை இறக்கி 9 வோல்ட் பற்றரியில் இணைத்தோம். (வீட்டு மின்னில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.) வெறும் காய்ச்சி வடித்த நீர் ஏறக்குறைய அப்படியே இருந்தது. குழாய் நீர் மெதுவாக நிறம் மாறியது. எல்லாவற்றுக்கும் முந்திப் பச்சையாகிப் பழுப்பானது உப்புப் போட்டதுதான். நாம் ஆணத்துக்குப் போடுகிற அதே உப்பு! பில்டர்காரரின் கிளாசிலும் ஒரு சிட்டிகை போட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

'சுத்தம்' என்ற ஒரே சொல்லை நாம் பல இடங்களில் பாவிப்பதுதான் இந்த வியாபாரத்துக்கு வசதி என்று நினைக்கிறேன். கடல்நீரை எடுத்துக்கொள்வோம். ஒரு லீற்றரில் சுமார் 35 கிராம் உப்புகள். இரசாயனவியலில் அது கலவை. குடித்தால் உடம்புக்குக் கேடு. ஆனால் அதில் வுழூச் செய்யலாம், மார்க்கத்தில் அது சுத்தமான நீர். காய்ச்சி வடித்த நீர் இரசாயனவியலில் தூய்மைக்குக் கிட்ட நிற்பது, ஆனால் அதைத்தான் குடிக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவந்து தரும் ஸம்ஸம் நீரிலும் கனியுப்புகள் கரைந்திருக்கின்றன. அதற்குள் அந்தக் கம்பிகளை இறக்கினாலும் பழுப்பாகத்தான் வரும். அதை அழுக்கென்று சொல்ல நம்மில் யாருக்கு நாக்கு வரும்? ஆகவே 'சுத்தமா?' என்று கேட்பதற்கு முன் 'எதற்கு?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

குடிப்பதற்கு என்றால் கேள்வி வேறு: என்ன கரைந்திருக்கிறது, எவ்வளவு? குடிநீருக்கான இலங்கைத் தரநியமம் எஸ்.எல்.எஸ். 614, லீற்றருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த திண்மங்களை அனுமதிக்கிறது. பூச்சியமாக இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை.

ஆர்.ஓ. பில்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள இடங்களுக்கும், புளோரைட்டும் கடினத்தன்மையும் கூடிய வடமத்திய மாகாணத்துக் கிராமங்களுக்கும் அது உதவுகிறது. உவர்ப்பு எப்படி இருக்கும் என்று நம் ஊருக்கும் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளில் வாய் வைக்க முடியவில்லை என்று உம்மம்மா சொல்லுவா. நம் மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துதான் கிடக்கிறது, அடர்த்தி குறைவென்பதால். அவசரப்பட்டு மோட்டார் வைத்து இறைத்தால் கீழே கிடக்கும் உப்புத் தண்ணீர் மேலே ஏறும். மழைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணறுகளைத் திருத்தியதாம்.

எனக்குக் கோபமெல்லாம், உண்மையாகப் பயப்பட வேண்டியதை அந்தக் கம்பிகள் காட்டுவதில்லை என்பதில்தான். மலசலகூடக் குழிக்குக் கிட்டவுள்ள கிணற்றில் கிருமிகள் இருக்கலாம். கிருமிகள் இருக்கின்றனவா என்று கம்பி சொல்லாது. உப்புக் குறைந்த தண்ணீரில் கிருமி நிறைந்திருந்தாலும் அது தெளிவாகவே நிற்கும், நாமும் நம்பிக் குடிப்போம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. இரண்டும் இரண்டு பிரச்சினை. கிணற்றில் சந்தேகம் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிக்க வழி கேட்கலாம். வாசலுக்கு வந்தவரின் கம்பியை நம்பிக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஆய்வுகூடத்தில் செய்ததை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டிலும் செய்து காட்டினேன். பில்டரில் பிடித்த தண்ணீர், இரண்டு ஆணி, பற்றரி. ஒன்றும் நடக்கவில்லை. உம்மாவையே ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொன்னேன். தண்ணீர் நிறம் மாறுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தா.

"அப்ப அண்டைக்கே ஏன் புள்ள நீ சொல்லல்ல?" என்றா.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மாதக் கட்டணம் இன்னும் நான்கு இருக்கிறது. கிணற்று மோட்டார் இன்னும் மாற்றவில்லை.