பிறை ஒன்று, பெருநாள் இரண்டு: இந்தோனேசியாவில் விடுமுறை யார் கணக்கில்?

ஜகார்த்தா: இந்தோனேசியாவின் 2026-ஆம் ஆண்டு நாள்காட்டியில் மார்ச் மூன்றாவது வாரம் நெருக்கடி மிகுந்தது. 19-ஆம் தேதி வியாழக்கிழமை, பாலித் தீவு இந்துக்களின் மௌனத் திருநாளான நியேபி. 21, 22 ஆகிய தேதிகள் நோன்புப் பெருநாளுக்காக அரசு குறித்த விடுமுறை. இவற்றுக்கு நடுவே உள்ள 20-ஆம் தேதி வெள்ளிக்கிழமையைத்தான், நாட்டின் மிகப் பெரிய முஸ்லிம் அமைப்புகளுள் ஒன்றான முகம்மதியா தனது பெருநாளாக அறிவித்தது. அரசுப் பட்டியலிலோ அது பெருநாள் அல்ல. ‘கூட்டு விடுப்பு’ நாள்.

வெறும் பெயர் வேறுபாடாகத் தோன்றும் இதில் தொழிலாளியின் நலன் அடங்கியிருக்கிறது. கூட்டு விடுப்பு எடுக்கும் அரசு ஊழியருக்கு ஆண்டு விடுப்பு குறைவதில்லை. தனியார் துறையில் அந்நாளில் விடுப்பு அளிப்பது நிறுவனத்தின் விருப்பம். அளித்தால், ஊழியருக்குச் சட்டப்படி குறைந்தது 12 நாட்களாக உள்ள ஆண்டு விடுப்பில் அது கழிக்கப்படும். ஒரே ஆலையில் பணிபுரியும் இருவரில், அரசின் தேதியைப் பின்பற்றுபவர் பொது விடுமுறையில் பெருநாள் கொண்டாடுகிறார். முகம்மதியா தேதியைப் பின்பற்றுபவர் தமது சொந்த விடுப்பைச் செலவிட நேரிடுகிறது. 2023-ஆம் ஆண்டிலும் இதுவே நிலை. முகம்மதியா ஏப்ரல் 21 அன்றும் அரசு ஏப்ரல் 22 அன்றும் பெருநாள் கண்டபோது, முந்தைய தேதி கூட்டு விடுப்புப் பட்டியலில்தான் இருந்தது.

இந்த முரண்பாட்டின் வேர், விடுமுறை முடிவு செய்யப்படும் முறையில் இருக்கிறது. மத விவகாரம், தொழிலாளர் நலம், நிர்வாகச் சீர்திருத்தம் ஆகிய மூன்று துறைகளின் அமைச்சர்கள் கூட்டாணை வெளியிட்டு, அடுத்த ஆண்டின் விடுமுறைகளைப் பல மாதங்களுக்கு முன்பே அறிவிக்கின்றனர். 2026-ஆம் ஆண்டுக்கு 17 தேசிய விடுமுறைகளும் 8 கூட்டு விடுப்பு நாட்களும் குறிக்கப்பட்டன. ஆனால் நோன்பு மாதம் 29 நாட்களா, 30 நாட்களா என்பதை மத விவகார அமைச்சகம் 29-ஆம் நாள் மாலையில் ‘இஸ்பாத்’ கூட்டம் கூட்டித்தான் முறைப்படி தீர்மானிக்கிறது. நாள்காட்டி அச்சாகிவிடுகிறது, பிறைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இதன் விளைவை 2011-இல் பல இல்லங்கள் நேரில் கண்டன. நாள்காட்டியில் ஆகஸ்ட் 30, 31 ஆகிய இரு தேதிகளும் சிவப்பில் இருந்தன. 30-ஆம் தேதியே பெருநாள் என நம்பியவர்கள் தென்னங்குருத்துப் பொதியில் அரிசிச் சோறும் தேங்காய்ப்பால் கோழிக் குழம்பும் சமைத்து முடித்திருந்தனர். 29-ஆம் தேதி இரவு, பிறை தென்படவில்லை என்றும் பெருநாள் 31-ஆம் தேதியே என்றும் அரசு அறிவித்தது. முகம்மதியாவினர் 30-ஆம் தேதியிலேயே தொழுதனர். மற்றவர்கள் சமைத்த உணவை வைத்துக்கொண்டு மேலும் ஒரு நாள் நோன்பிருந்தனர்.

இரு தரப்பும் வானியலை ஏற்பவையே. இந்தோனேசியா, மலேசியா, புரூணை, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளின் புதிய அளவுகோலை அரசு 2022 முதல் பின்பற்றுகிறது. அதன்படி, சூரியன் மறையும்போது பிறை அடிவானத்திலிருந்து குறைந்தது 3 டிகிரி உயரத்திலும், சூரியனிலிருந்து 6.4 டிகிரி விலகியும் இருக்க வேண்டும். முகம்மதியாவோ, அமாவாசைக் கணம் கடந்தபின் சூரியனுக்குப் பிறகு நிலவு மறைந்தாலே புதிய மாதம் பிறந்துவிட்டது என நெடுங்காலம் கணக்கிட்டு வந்தது. 2025-இல் அதையும் விடுத்து, உலகம் முழுமைக்கும் ஒரே ஹிஜ்ரி நாள்காட்டி என்ற முறைக்கு மாறியது. உலகின் ஏதேனும் ஒரு பகுதியில் உரிய நேரத்துக்குள் பிறை 5 டிகிரி உயரமும் 8 டிகிரி விலகலும் எட்டினால் போதும் என்பது இதன் அடிப்படை. உலக அளவில் ஒற்றுமையை நாடும் இம்முறை, உள்நாட்டில் தேதி வேறுபாட்டை அவ்வப்போது நீட்டிக்கவே செய்யும். அக்கணக்கின்படி ஆண்டுகள் பலவற்றுக்குத் தேதியை இன்றே சொல்லிவிட முடியும் என்பது மட்டும் ஆலைக்கும் பள்ளிக்கும் வசதி.

வேறுபாடு பொதுவாக அமைதியாகவே கடந்து செல்கிறது. 2023 அதற்கு விலக்காக அமைந்தது. பெக்கலோங்கன் போன்ற நகரங்களில் முகம்மதியாவினரின் தொழுகைக்கு அரசுத் திடலைத் தர நிர்வாகம் முதலில் மறுத்தது. கண்டனம் எழுந்த பின்னரே இணங்கியது. அந்த அமைப்பினரைக் கொல்லப்போவதாகச் சமூக ஊடகத்தில் மிரட்டிய அரசு ஆய்வாளர் ஒருவர் கைதாகி, சிறைத் தண்டனையும் பெற்றார்.

பிறை விஷயத்தில் ஒரு நாளையும் விட்டுத்தர இயலாத அரசு, விடுமுறையை நகர்த்துவதில் தயக்கம் காட்டியதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கொரோனா காலத்தில், 2021-இல், ஹிஜ்ரிப் புத்தாண்டு விடுமுறை ஆகஸ்ட் 10-இலிருந்து 11-க்கும், மிலாது நபி விடுமுறை அக்டோபர் 19-இலிருந்து 20-க்கும் மாற்றப்பட்டன. நீண்ட வார இறுதியில் மக்கள் பயணம் செய்வதைத் தடுப்பதே நோக்கம். 2023-இல் சொந்த ஊர் செல்வோரின் நெரிசலைத் தணிக்கக் கூட்டு விடுப்பு ஏப்ரல் 19-க்கே முன்னகர்த்தப்பட்டது. பண்டிகை வேறு, விடுமுறை வேறு என்பதை அரசே நடைமுறையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அவ்வாறெனில், முகம்மதியாவினரின் பெருநாளைக் கழிவில்லாத விடுமுறையாக அறிவிப்பதற்கு மதத் தீர்ப்பு எதுவும் தேவையில்லை. அமைச்சர்களின் ஆணை போதும்.

மக்கள்தொகையில் முஸ்லிம்கள் சுமார் 87 சதவீதமாக உள்ள இந்நாட்டில், அத்தகைய இடமளிப்பு புதிதும் அன்று. 17 விடுமுறைகளில் இஸ்லாமியப் பண்டிகைகளுக்கு உரியவை 6 மட்டுமே. கிறிஸ்தவர்களுக்கு 4, இந்து, பௌத்தத் திருநாள்களுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் தலா ஒன்று. வார விடுமுறை சனியும் ஞாயிறும், வெள்ளி வேலைநாள். சுகார்த்தோ காலத்தில் பொதுவெளியில் கொண்டாட இயலாதிருந்த சீனப் புத்தாண்டு, 2003 முதல் தேசிய விடுமுறை. சிறுபான்மை மதங்களுக்குத் தனி நாள் ஒதுக்கிய பட்டியலில், பெரும்பான்மை மதத்துக்குள் இருக்கும் சிறுபான்மைக் கணக்குக்கு இடம் கிடைக்கவில்லை.

பாலியில் இச்சிக்கல் இன்னொரு வடிவம் கொள்கிறது. அங்கு நியேபி வியாழன் காலை 6 மணிக்குத் தொடங்கி வெள்ளி காலை 6 மணிக்கு முடியும். அந்த 24 மணி நேரமும் விமான நிலையம் மூடப்படும், தெருக்களில் நடமாட்டம் இராது, விளக்குகள் அணைக்கப்படும். முகம்மதியா கணக்கின்படி ஒலிபெருக்கிகளில் தக்பீர் முழங்க வேண்டிய பெருநாள் இரவு, 2026-இல் அந்த மௌனத்துக்குள்தான் வருகிறது.