இடிச்சாத்தான் இயற்கையா?

பாழடைஞ்ச கட்டடத்தை இடிச்சுட்டுப் புதுசா கண்ணாடி மாளிகை கட்டினாத்தான் பறவைகள் காப்பகத்துக்கு அழகாம். அய்யா சாமிகளா, லண்டன் வால்தம்ஸ்டோ பக்கம் கொஞ்சம் பாருங்க. 10 நீர்த்தேக்கங்களுக்கு நடுவுல 1894-ல் கட்டின பம்ப் ஹவுஸ், வேலையில்லாம சும்மா கிடந்துச்சு. அதையே செப்பனிட்டு 2017-ல் ஈரநிலக் காப்பகத்தோட மையமாக்கிட்டாங்க. "உள்ளே காப்பிக் கடை எதுக்கு?"ன்னு ஒரு முணுமுணுப்பு. இருந்துட்டுப் போகட்டுமே, நுழைவுக் கட்டணம் கிடையாதுங்க!

விஷயம் உழவாரக் குருவி. அதுக்கு மரக்கிளையில உட்காரவே வராது. இங்கிலாந்துல பழைய கட்டட இடுக்குதான் அதோட வீடு. கண்ணாடியில எங்கே போய் ஒண்டும்? அந்தக் கட்டடத்தோட புகைபோக்கியை எப்பவோ இடிச்சுட்டாங்க. கடைசியில அதே இடத்துல புதுக் கோபுரம் எழுப்பி, குருவிக்குன்னு 54 பொந்து வைக்க வேண்டியதாச்சு :-)