மருந்து இருந்தது, கருணாபுரம் அறியவில்லை

கருணாபுரம் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. நீதிமன்றமும் காவல் நிலையமும் கூப்பிடு தூரம். 2024 ஜூன் 18, 19 தேதிகளில் அங்கும் சுற்றுப்பகுதியிலும் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் தலித் மக்கள், அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் குடும்பத்தார். பெண்களும் இருந்தார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தது. குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. "குடிச்சிட்டுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?" என்ற பேச்சை டீக்கடை டீக்கடையாகக் கேட்டோம். சட்டத்தைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. மருத்துவத்தைப் பற்றித்தான் பேசவில்லை. முதுகலைத் தமிழ் படித்த எனக்கு வேதியியலில் என்ன வேலை என்று கேட்கலாம். செத்தது நம் ஆட்கள் என்பதால் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று.

படித்ததைச் சொல்கிறேன். மெத்தனால் ஆலைகளில் பயன்படும் திரவம். குடித்தவுடன் அது சாதாரணச் சாராயம் போலவே போதை தரும். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது, அது பிறகு ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. கண் நரம்பை எரிப்பதும் மூச்சை முடக்குவதும் அந்த அமிலம்தான். இந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வயிற்றுவலி, வாந்தி, கண்மங்கல், மூச்சுத்திணறல் தெரியும். கூடவே வேறு மதுவும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஆகவே ஒரே இடத்தில் வாங்கிக் குடித்த பத்துப் பேரில் ஒருவர் விழுந்தால், நன்றாக நடமாடும் மற்ற ஒன்பது பேரும் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த ஒரு செய்தி ஒலிபெருக்கியில் தெருத்தெருவாகப் போயிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? நடந்ததோ நேர்மாறு. முதல் சாவுகளுக்குச் சாராயம் காரணமல்ல என்றது மாவட்ட நிர்வாகம். துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று செய்திகள் வந்தன. ஆட்சியரை மாற்றினார்கள், காவல் கண்காணிப்பாளரைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். அவையெல்லாம் பிறகு.

அந்த நொதியைத் தடுத்து, மெத்தனாலை விஷமாக மாறவிடாமல் செய்யும் மருந்து ஃபோமெபிசோல். அமெரிக்க மருந்து நிர்வாகம் மெத்தனால் நச்சுக்கு அதை அனுமதித்தது 2000-இல். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது 2013-இல். அது கிடைக்காத இடத்தில் எத்தனாலை அளவு பார்த்துக் கொடுத்தும், சோடியம் பைகார்பனேட் ஏற்றியும், டயாலிசிஸ் செய்தும் காப்பாற்றும் முறை அதற்கு வெகு முன்பே உண்டு. (மருத்துவர் ரத்தம் சோதித்துச் செய்ய வேண்டியது இது. வீட்டில் முயன்றால் உயிர் போகும்.) நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து, வசதி குறைந்த நாடுகளில் இந்த நச்சை எப்படி விரைவாகக் கண்டுபிடிப்பது, எப்படிச் சிகிச்சை தருவது என்று மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தருகின்றன. நோயாளியின் படுக்கையருகிலேயே சொட்டு ரத்தத்தில் கண்டறியும் சோதனைக்கும் அந்த ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள்.

நமக்கு இந்த மருந்தின் பெயர் எப்படித் தெரிந்தது? மாற்று மருந்து இருப்பில் இல்லை என்று எதிர்க்கட்சித் தலைவர் சொன்னார். அவர் சொன்ன ஒமெப்ரசோல் வயிற்றுப்புண் மாத்திரை, அது கோடிக்கணக்கில் இருப்பில் இருக்கிறது என்று அமைச்சர் பதில் சொன்னார். சொல்ல வந்தது ஃபோமெபிசோல் என்று பிறகு விளக்கம் வந்தது. பிணங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் மருந்தின் பெயரில் வழக்காடிக்கொண்டிருந்தோம்.

அதற்கு ஓராண்டு முன்புதான், 2023 மே மாதம், மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதிலிருந்து பாடம் படித்திருந்தால், கள்ளச்சாராயம் புழங்கும் ஒவ்வொரு வட்டாரத்திலும் மருந்தும் பயிற்சியும் தயாராக இருந்திருக்க வேண்டும். கள்ளக்குறிச்சிக்கு 2022 ஜனவரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பலரை விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும் சேலத்துக்கும் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினோம். ஒவ்வொரு மணி நேரமும் கணக்காகும் நோய் இது.

கல்வராயன் மலைக்கு இந்தக் கணக்கு இன்னும் கொடியது. சாராயம் என்றாலே அந்த மலையைக் கைகாட்டுவது நமக்குப் பழகிவிட்டது. மெத்தனால் மலையில் ஊறுவதல்ல, ஆலைச் சரக்கு. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலையாளிப் பழங்குடி மக்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, சாலை எங்கே, மருத்துவம் எங்கே, பள்ளி எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. நோயாளியைத் தோளில் சுமந்து இறங்கும் ஊருக்கு, ஓஸ்லோவில் எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரையால் என்ன பயன்?

அரசால் முடியாது என்று சொல்ல மாட்டேன். கல்வியில் செய்து காட்டியிருக்கிறது. கொரோனாவில் பள்ளி மூடியபோது பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்க, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது, அதே மரக்காணம் பக்கத்தில். தெருத் திண்ணையில் பாடம் சொன்னவர்கள் உள்ளூர்ப் பெண்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் அளந்து பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இத்திட்டத்தால் வந்தது. ஒரு முறையை வகுத்து, சேரி வாசல் வரை கொண்டுபோய், பலன் கிடைத்ததா என்று அளப்பதுதான் பயன்பாட்டு ஆராய்ச்சி. பிள்ளைகளின் படிப்புக்குச் செய்ததைப் பெற்றோரின் உயிருக்கும் செய்யலாம்.

மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் கல்லூரி இருக்கும் மாவட்டத்திலேயே இத்தனை பேர் இறந்திருக்கிறார்கள். முதல் நோயாளி எத்தனை மணிக்கு வந்தார், எப்போது மெத்தனால் என்று சந்தேகம் வந்தது, மருந்து எப்போது ஏறியது, பார்வை போய்ப் பிழைத்தவர்கள் இன்று எப்படி வாழ்கிறார்கள் என்று உங்களில் யாராவது ஆய்வு செய்ய வேண்டும். அதை ஆங்கில இதழோடு நிறுத்தாமல் கருணாபுரத்துத் தெருவில் தமிழில் படித்துக் காட்டவும் வேண்டும். நம் மக்களின் ரத்தத்தை எடுத்துப் போகிறவர்கள் முடிவைச் சொல்லத் திரும்பி வருவதில்லை என்பது ஊரில் உள்ள பழைய மனக்குறை.

கலைக் கல்லூரி மாணவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதுங்கள். நம் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இன்று ஃபோமெபிசோல் எத்தனை குப்பி இருக்கிறது, காலாவதி தேதி என்ன, டயாலிசிஸ் இயந்திரம் எத்தனை இயங்குகிறது, கல்வராயன் மலையின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மெத்தனால் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வரும் பதிலை இந்தப் பத்திக்கும் ஒரு படி அனுப்புங்கள், அப்படியே வெளியிடுகிறோம்.