டப்பா மேல் பழி போடாதீர்கள்

எங்கள் தெருக் கோயிலில் கும்பாபிஷேகத் திருப்பணி. தெற்குச் சுவரில் மங்கலாக நின்ற பழைய ஓவியத்தின் மேல் எனாமல் அடித்துவிட்டார்கள். வழக்கம்போல நம் வயசுக்காரர்கள், "கடை வண்ணம் வந்தது, கலை போயிற்று" என்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன்.

தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியத்து நீலம் என்ன, உள்ளூர் மண்ணா? ஆப்கானிஸ்தான் பக்கத்து லாபிஸ் கல். அதுவும் காசு கொடுத்து வாங்கியதுதான். புதுவையில் பிரெஞ்சில் படித்தபோது அந்த நீலத்தை 'ஊத்ருமேர்' என்று சொல்லித் தந்தார்கள். கடலுக்கு அப்பால் என்று பொருள். (உச்சரிப்புக்காக வாங்கிய குட்டு தனிக்கதை.) 1828இல் கிமே என்ற பிரெஞ்சுக்காரர் அதைச் செயற்கையாகச் செய்து 6,000 பிராங்க் பரிசு வாங்கினார். அப்புறம் ஏழை ஓவியனுக்கும் நீலம் கிடைத்தது. நம் வேட்டிக்குப் போட்ட நீலப்பொடியும் அதே சரக்குதான்.

குற்றம் டப்பாவில் இல்லை, அதை எங்கே அடிக்கிறோம் என்பதில். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும்; எனாமல் அதன் வாயை அடைக்கும். உள்ளே தங்கிய ஈரம் ஒருநாள் காரையோடு ஓவியத்தையும் உரித்துக்கொண்டு வரும். ஆம்பூர்ப் பக்கம் அர்மாமலைக் குகையில் சமணர் ஓவியம் சிதைந்தாவது மிஞ்சியிருக்கிறது. அங்கே யாரும் திருப்பணி செய்யவில்லை!

வடக்குச் சுவர் இன்னும் பாக்கி. திங்கட்கிழமை சாரம் கட்டுகிறார்களாம். மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வாருங்கள்.